காந்தத்தில் ஒட்டும் ரூபாய்

நாடு விடுதலை பெற்ற ஆண்டின் ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதற்கு இரண்டாண்டு முன்பு அடித்த ரூபாய் ஒட்டாது. இரண்டிலும் தலைப் பக்கத்தில் முடிசூடிய ஆறாம் ஜார்ஜ் இருக்கிறார். ஒரு தோலா எடை, 11.66 கிராம், இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் 1945இல் அடித்ததில் பாதி வெள்ளி. 1947இல் அடித்ததில் பொட்டு வெள்ளி கிடையாது, முழுக்க நிக்கல். பூப் பக்கத்தைத் திருப்பினால் முன்னதில் பூங்கொடி வளையம், பின்னதில் புலி.

அந்தப் புலி ரூபாயைத்தான் போன தீபாவளிக்கு அத்தை மகள் வயிற்றுப் பையன் கொண்டுவந்தான். கைப்பேசியில் யாரோ பேசிய காணொளியைப் பார்த்துவிட்டு, பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். "மாமா, இது பத்து லட்சம் போகுமாமே?" என்றான். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு ரூபாய் போகும் என்றேன். நான் ஏமாற்றுகிறேனோ என்று ஒரு கணம் பார்த்தான். எழுபது எண்பது வருஷத்துப் பொருள், அதுவும் விடுதலை ஆண்டு என்று போட்டிருக்கிறது, எப்படிச் சில நூறாகும் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெள்ளிக் காசுக்கு ஒரு தரை உண்டு. எவ்வளவு தேய்ந்தாலும், ஓட்டை போட்டுத் தாலிக்கயிற்றில் கோத்திருந்தாலும், உருக்கினால் வெள்ளி விலைக்குக் கீழே போகாது. நிக்கல் காசுக்கு அந்தத் தரை கிடையாது. கிலோ நிக்கல் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் புலி ரூபாயில் இருக்கும் உலோகம் பதினேழு பதினெட்டு ரூபாய்க்குத்தான் தேறும். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறெதற்கோ கிடைப்பது: எந்த ஆண்டு, எந்த அக்கசாலை, எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எப்படி மிஞ்சியிருக்கிறது, யாருக்கு வேண்டும். ஆகவே நிக்கல் காசில் அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும் இரண்டு வேலைகள் இல்லை. சரியாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு விலை பாதி தெரிந்துவிடும்.

நிக்கல் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது உலோகம் என்று ஓர் எண்ணம் நம்மிடம் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாக்திரியாவை ஆண்ட கிரேக்க அரசர்கள் செம்பும் நிக்கலும் கலந்த காசுகளை அடித்திருக்கிறார்கள். அவர்களில் அகதோக்ளிஸ் நமக்கு வேறு வகையிலும் தெரிந்தவர். பலராமனையும் வாசுதேவனையும் காசில் பொறித்தவர். அந்தக் கலவை அங்கேயே மறைந்துபோயிற்று. 1751இல் ஆக்செல் குரோன்ஸ்டெட் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் நிக்கலைத் தனி உலோகமாகப் பிரித்துக் காட்டினார். செம்புத் தாது என்று தோண்டி எடுத்து, செம்பு கிடைக்காமல் ஏமாந்த ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் குறும்புப் பேயின் பெயரால் அந்தத் தாதுவைத் திட்டிய சொல்தான் உலோகத்துக்குப் பெயராக நின்றது. 1881இல் சுவிட்சர்லாந்து 20 ராப்பன் காசைச் சுத்த நிக்கலில் அடித்தது. இந்தியாவுக்கு அது வந்து சேர 1907 ஆயிற்று.

வந்தது சுத்த நிக்கலாக இல்லை. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, நூற்றுக்கு 75 செம்பும் 25 நிக்கலும் கலந்த ஓரணா வெளியாயிற்று. குப்ரோ நிக்கல் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். முக்கால் பங்கு செம்பு இருந்தும் நிறம் வெள்ளை. கால் பங்கு நிக்கல் செம்பின் சிவப்பை அடியோடு விழுங்கிவிடும். வெள்ளை நிறம் வந்துவிட்டதால் ஓரணாவை வெள்ளிக் காசு என்று தள்ளிவிடுவார்களே என்ற பயமும் கூடவே வந்தது. அதனால்தான் அதன் விளிம்பு பூவிதழ் போல் வளைவு வளைவாக வெட்டப்பட்டது. எழுத்துப் படிக்காதவரும், இருட்டில் மடியைத் தடவுகிறவரும் விரலாலேயே ஓரணாவை அறிந்தார்கள். ஏழாம் எட்வர்ட் தன் வெள்ளி ரூபாயில் வெறும் தலையோடு இருப்பார்; இந்த ஓரணாவில் முடி சூட்டியிருப்பார். 1907 முதல் 1910 வரைதான் அவருடைய ஓரணா. அடுத்து 1912 முதல் ஐந்தாம் ஜார்ஜ், 1938 முதல் ஆறாம் ஜார்ஜ்.

அதோடு நின்றிருக்கும். முதல் உலகப் போர் நிற்க விடவில்லை. போருக்காக இந்தியாவில் வாங்கிய பொருளுக்கும் படைக்கும் ரூபாய் வேண்டியிருந்தது, ரூபாய்க்கு வெள்ளி வேண்டியிருந்தது, வெள்ளி கிடைக்கவில்லை. 1917இல் ஒரு ரூபாய்த் தாளும், 1918இல் இரண்டரை ரூபாய்த் தாளும் அச்சாயின. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்க இசைந்தது. சுமார் 27 கோடி டாலர்கள் உருகின. அதில் பெரும்பகுதி பாளமாகி இந்திய ரூபாய்க்காக வந்தது. அப்படியும் போதாமல், சின்ன வெள்ளிக் காசுகளை நிக்கல் கலவைக்கு மாற்றினார்கள். 1918இல் முனை மழுங்கிய சதுர இரண்டணா. 1919இல் எட்டு மூலை நாலணா. அதே 1919இல் எட்டணா.

இந்த மூன்றில் சேகரிப்பாளருக்கு விரல் நடுங்குவது எட்டணாவுக்குத்தான். 1919, 1920 என்ற இரண்டே ஆண்டெண்கள்தான் அதற்கு. மக்கள் அதை நம்பவில்லை. அரை ரூபாய் என்றால் அன்றைக்குச் சில்லறை இல்லை, கூலி. வெள்ளியாகப் பார்த்துப் பழகிய கூலியை வெள்ளை வெளேரென்ற வேறொன்றாகக் கொடுத்தால் யார் வாங்குவார்? சில ஆண்டுகளிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நாலணாவும் 1921ஓடு நின்றது. இரண்டணா மட்டும் நிலைத்தது. ஆக, அரசாங்கத்தின் தோல்வி ஒரு நூற்றாண்டு கழித்துச் சேகரிப்பாளரின் அதிர்ஷ்டம் ஆயிற்று. ஆறாம் ஜார்ஜ் ஓரணா சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது, எழுத்து மழுங்காத 1919 எட்டணாவுக்கு விலை ஆயிரங்களில் பேசப்படுகிறது. அதனாலேயே அதற்குப் போலியும் உண்டு; சந்தையில் வரும் எட்டணாவை எடை போடாமல் வாங்கக் கூடாது.

இடையில் ஒரு சின்ன வருத்தம். அந்த ஜார்ஜ் காலத்து இரண்டணாவைக் கையில் எடுத்தால் ஆங்கிலம் தவிர நான்கு எழுத்துகள் தெரியும்: உருது, வங்காளம், தெலுங்கு, நாகரி. சென்னை மாகாணத்தின் பங்குக்குத் தெலுங்கு வந்தது, தமிழ் வரவில்லை. தமிழெழுத்துப் பொறித்த காசு வேண்டுமானால் கடலைத் தாண்டி இலங்கைச் சதங்களைத்தான் தேட வேண்டும். அங்கே 1870லிருந்தே தமிழும் சிங்களமும் காசில் ஏறியிருந்தன. இலங்கையின் ஐந்து சதமும் 1909லேயே குப்ரோ நிக்கலில் சதுரமாக வந்துவிட்டது, நம் இரண்டணாவுக்கு ஒன்பது ஆண்டு முன்பே.

இரண்டாம் உலகப் போரில் கதை தலைகீழானது. இப்போது வெள்ளியும் இல்லை, நிக்கலும் இல்லை. கவச எஃகுக்கு நிக்கல் வேண்டும். 1942 முதல் 1945 வரை அரையணா, ஓரணா, இரண்டணா மூன்றும் மஞ்சளாக வந்தன. செம்பு, துத்தநாகம், பெயருக்கு நூற்றுக்கு ஒரு பங்கு நிக்கல். நிக்கல் பித்தளை என்பார்கள். 1946இல் மறுபடி வெள்ளையானது. எனவே ஓரணா மஞ்சளாக இருந்தால், ஆண்டெண் தேய்ந்திருந்தாலும், அது போர்க்காலத்துக் காசு என்று நிறமே சொல்லிவிடும். "தங்கம் கலந்த ஓரணா" என்று இதை விற்கிற ஆள் இன்னும் இருக்கிறார். அதில் தங்கம் இல்லை.

அதே 1942இல் அமெரிக்கா செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கும். அங்கே ஐந்து சென்ட் காசுக்கே 'நிக்கல்' என்றுதான் பேச்சு வழக்கில் பெயர். போருக்காக அந்த நிக்கலிலிருந்து நிக்கலை முழுக்க எடுத்துவிட்டு, செம்பும் மாங்கனீசும் 35 விழுக்காடு வெள்ளியும் கலந்து அடித்தார்கள். நாம் வெள்ளிக்குப் பதில் நிக்கல் போட்டோம், அவர்கள் நிக்கலுக்குப் பதில் வெள்ளி போட்டார்கள். பின்னால் பிரித்தெடுக்க வசதியாக, மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே அக்கசாலை எழுத்தைப் பெரிதாகப் பொறித்தார்கள். நியூஜெர்சிக்காரர் ஒருவர் 1944 என்று ஆண்டிட்டுக் கள்ள நிக்கல்கள் அடித்தபோது அந்தப் பெரிய எழுத்தைப் போட மறந்தார். ஹென்னிங் நிக்கல் என்று இன்று அவருடைய பெயரிலேயே அந்தக் கள்ளக் காசைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து இல்லாததால் பிடிபட்ட காசு, அந்த எழுத்து இல்லாததாலேயே விலை போகிறது.

அமெரிக்கா கடன்-குத்தகை முறையில் அந்தப் போரில் இந்தியாவுக்குக் கொடுத்த வெள்ளி 22.6 கோடி அவுன்ஸ். போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். புழக்கத்தில் இருந்த வெள்ளி ரூபாயைத் திரட்டித்தான் தர முடியும். ஆகவே 1946இல் அரை ரூபாயும் கால் ரூபாயும், 1947இல் ஒரு ரூபாயும் சுத்த நிக்கலாயின. புலி ரூபாயின் பிறப்பு இதுதான். விடுதலையைக் கொண்டாட அடித்த காசு அல்ல அது. கடன் அடைக்க வழிவிட்ட காசு. கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1950 ஆகஸ்ட் 15இல் குடியரசின் சிங்க முகக் காசுகள் வெளிவரும்வரை, மன்னர் தலையோடு இதுதான் சுதந்திர நாட்டின் ரூபாயாக ஓடியது. எண்ணிக்கையில் இவ்வளவு இருக்கும்போது பையன் கேட்ட பத்து லட்சம் எங்கிருந்து வரும்?

இனி கையில் காசை எடுத்துக்கொண்டு உட்காருவோம். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு காந்தம், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன மின் தராசு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி.

காந்தம் சொல்லும் முதல் பிரிவினை மிகத் துல்லியமானது. சுத்த நிக்கல் ஒட்டும்; குப்ரோ நிக்கல் ஒட்டாது; வெள்ளி ஒட்டாது. நிக்கலும் செம்பும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்று, கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8.9 கிராம். அதனால் தண்ணீரில் போட்டு எடை பார்க்கும் பழைய முறை இங்கே உதவாது, காந்தம் உதவும். 1946, 1947இன் சுத்த நிக்கல் காசுகள், 1950இன் சிங்க முக ரூபாய், அரை, கால், பிறகு 1957 ஏப்ரல் 1இல் தசமக் கணக்கு வந்ததும் வந்த 25 நயா பைசா, 1960லிருந்து 50 நயா பைசா, 1962 ரூபாய், 1964 நேரு ரூபாய், 1969 காந்தி நூற்றாண்டு ரூபாய் எல்லாம் ஒட்டும். 1970களில் 25, 50 காசுகளும், 1975இல் ரூபாயும் குப்ரோ நிக்கலுக்கு மாறிய பிறகு ஒட்டாது. 1988க்குப் பின் துருப்பிடிக்காத எஃகில் வந்த சில்லறை மறுபடி ஒட்டும். ஆக ஒட்டினால் நிக்கல் என்று முடிவுகட்டிவிடாமல் ஆண்டெண்ணையும் பார்க்க வேண்டும். இரும்பில் நிக்கல் முலாம் பூசிய போலியும் ஒட்டும். அங்கேதான் தராசு வருகிறது.

தராசுக்கு நம் அக்கசாலைக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 1947இல் ரூபாய் 11.66 கிராம், அரை 5.83, கால் அதிலும் பாதி. தசமக் காசில் நிக்கல் ரூபாய் 10 கிராம், ஐம்பது 5, இருபத்தைந்து 2.5. பாதி பாதியாக இறங்குகிற கணக்கு, மனத்தில் வைக்க எளிது. தேய்மானத்தால் சில புள்ளிகள் குறையலாம். அரை கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். கூடினாலும் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, கண்ணாடி. ஆண்டெண்ணுக்குக் கீழே பாருங்கள். பொதுவாகக் கல்கத்தாவில் அடித்ததற்கு எந்தக் குறியும் இருக்காது; பம்பாய்க்குப் புள்ளியோ சின்ன வைரமோ. குடியரசுக் காலத்தில் ஹைதராபாத் நட்சத்திரத்தையும் பிளந்த வைரத்தையும் போட்டது. 1988இல் தொடங்கிய நொய்டா வட்டப் புள்ளி போடுகிறது. சென்னைக்குக் குறி கிடையாது, ஏனென்றால் சென்னை அக்கசாலை 1869லேயே மூடப்பட்டது. "மெட்ராசில் அடித்த நிக்கல்" என்று யாராவது காட்டினால் காசைப் பார்க்காமலே எழுந்து வந்துவிடலாம். 1985இல் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக வெளிநாட்டில் அடித்து இறக்கிய குப்ரோ நிக்கல் ரூபாயில் பர்மிங்காம் ஹீட்டன் ஆலையின் 'எச்' எழுத்து இருக்கும். சமூக ஊடகத்தில் லட்சம் லட்சம் என்று கூவுவது பெரும்பாலும் இந்த எச் ரூபாயைத்தான். அது மூட்டை மூட்டையாக வந்த காசு. குறி இருப்பது வேறு, அது அரிய குறியா என்பது வேறு கேள்வி. பிறந்த ஊரைச் சொல்வதுதான் குறியின் வேலை.

அரிதா இல்லையா என்பதை ஆண்டெண்ணும் குறியும் சேர்ந்துதான் சொல்லும். ஒரே ஆண்டில் ஒரு அக்கசாலை பத்துக் கோடியும் இன்னொன்று சில லட்சமும் அடித்திருக்கலாம். இதற்கு அட்டவணை வேண்டும். உலகக் காசுகளுக்குக் கிரௌசும் மிஷ்லரும் 1972இல் தொடங்கிய பட்டியல்தான் வெகுகாலம் வேதம். 'கேஎம்' என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் டோக்கியோவில் இருப்பவரும் அதே காசை எடுப்பார். 1835 முதல் 1947 வரையிலான இந்தியக் காசுகளுக்கு ஸ்டீவன்ஸ், வெயர் இருவரின் நூல் இன்னும் நுணுக்கமானது. ஆனால் அட்டவணையில் அச்சான விலையை நம்பி இறங்காதீர்கள். பட்டியல் விலை என்பது ஆசைப்படும் விலை. அண்மையில் ஏலத்தில் உண்மையாகக் கைமாறிய விலை என்ன என்பதே கேள்வி. இணையத்தில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டு வைத்திருப்பது விலையே அல்ல. அது அவர் எழுதிய ஓர் எண்.

அடித்த எண்ணிக்கையும் முழு உண்மை சொல்லாது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் கணக்கு. திரும்பப் பெற்று உருக்கியவை போக மிச்சம்தான் எட்டணாவின் விலை. அந்தப் பக்கம், நேரு மறைந்த ஆண்டில் வந்த ரூபாய் இந்தியாவின் முதல் நினைவு நாணயம் என்பதால் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் இன்றும் மலிவு. அந்த வரிசையில் ஐம்பது காசில் பெயர் ஆங்கிலத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று என்று இரண்டு வகை உண்டு. வரிசையை நிறைவு செய்ய விரும்புகிறவர் இரண்டையும் தேடுவார். வேண்டும் என்று ஒருவர் தேடும்போதுதான் காசுக்கு விலை பிறக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. பளபளவென்று கண்ணாடி போன்ற தளத்தோடு பழைய ஜார்ஜ் காசு கிடைத்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். நம் அக்கசாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டு, விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள், சேகரிப்பாளர் கேட்டபடி மறுஅச்சு போட்டுக் கொடுத்திருக்கின்றன. அவையும் உண்மைக் காசுகள்தான், அரசு அச்சில் அடித்தவைதான். ஆனால் அன்றைக்கே அடித்த காசுக்கும் அவற்றுக்கும் விலை ஒன்றல்ல. அதைப் பிரித்தறிய என்னைப் போன்ற கால்வாசி அறிவுக்காரனிடம் கேட்காதீர்கள். அச்சின் சின்னச் சின்ன விரிசலையும் மெருகையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழகியவரிடம் கேளுங்கள்.

நிலை என்பதற்கு வருவோம். ஒரே ஆண்டு, ஒரே குறி. ஒன்று நூறு ரூபாய், இன்னொன்று ஐயாயிரம் ரூபாய் என்று ஆவது இங்கேதான். புழக்கத்துக்கே போகாதது, லேசாகப் புழங்கியது, நன்றாகத் தேய்ந்தது என்று படிகள். மேட்டுப் பகுதிகளில்தான் தேய்மானம் முதலில் தெரியும். மன்னரின் புருவம், முடியின் மணிகள், புலியின் தோள். ஆனால் நிக்கலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது இறுகிய உலோகம், 1,455 பாகையில்தான் உருகும், அச்சை உடைக்கும். அமெரிக்காவின் முதல் ஐந்து சென்ட் நிக்கலில் 1866இல் நட்சத்திரங்களுக்கிடையே கதிர்கள் பொறித்தார்கள். அச்சுகள் வரிசையாகப் பிளந்ததால் மறு ஆண்டே கதிர்களை நீக்கிவிட்டார்கள். இந்த இறுக்கத்தால் புதுக்காசிலேயே சில இடங்கள் சரியாகப் பதியாமல் போவதுண்டு. மழுங்கலெல்லாம் தேய்மானம் ஆகாது. மழுங்கிய இடத்தில் பிறவி மினுமினுப்பு இருந்தால் அச்சு சரியாக இறங்கவில்லை என்று பொருள். மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் ஆயிரம் கைகள் தடவியிருக்கின்றன.

அந்தப் பிறவி மினுமினுப்பைத்தான் நம் வீடுகளில் கொல்கிறோம். பூஜைக்கு வைப்பதற்கு முன் புளி போட்டுத் தேய்ப்பது, விபூதியால் துலக்குவது, எலுமிச்சை மூடியால் உரசுவது. குத்துவிளக்குக்கு நல்லது. காசுக்கு, ஒரே தேய்ப்பில் மேல்தோல் போய்விடும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடு கோடாகக் கீறல். வியாபாரி அதைப் பார்த்த கணமே பாதி விலை சொல்வார், அவர் சொல்வது நியாயம்தான். அழுக்கு இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், போதும். நெகிழி உறைகளிலும் ஒரு வினை இருக்கிறது. மலிவான பிவிசி உறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் பச்சைப் பிசின் கட்டி, செம்பு கலந்த காசை அரிக்கும். பழைய காகித உறை அதைவிட மேல். உயர்ந்த காசு என்று உறுதியானால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமைப்புகள் தரம் குறித்து முத்திரையிட்ட பெட்டியில் அடைத்துத் தரும். ஆனால் அதற்கு ஆகும் செலவு பல நிக்கல் காசுகளின் விலையைவிடக் கூடுதல். நூறு ரூபாய்க் காசை ஆயிரங்கள் செலவழித்துப் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உலோக விலை என்ற தரை இல்லை என்றேன். ஒரு முறை அந்தத் தரை மேலே எழும்பி வந்தது. 2007 மே மாதம் லண்டன் சந்தையில் நிக்கல் டன் 50,000 டாலரைத் தாண்டியது. அப்போது நம் ஐந்து ரூபாய்க் காசு 9 கிராம் குப்ரோ நிக்கல். அதில் இரண்டேகால் கிராம் நிக்கல், மீதி செம்பு. அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டால் ஐந்து ரூபாய்க்குள் ஆறு ரூபாய்க்கு மேல் உலோகம். காசு எல்லை கடந்து வங்காளதேசம் போய்ச் சவர அலகாகிறது என்று செய்தி வந்தது அந்த நாட்களில்தான். ஐந்து ரூபாய் எஃகுக்கு மாறியதும் அதையொட்டித்தான். விலை பின்னால் இறங்கிவிட்டது. காசை உருக்குவது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உச்சி விலை எதில் என்று பையன் கேட்டிருந்தால் அமெரிக்காவைத்தான் காட்டியிருப்பேன். 1913 ஆண்டிட்ட 'லிபர்ட்டி' ஐந்து சென்ட் மொத்தம் ஐந்தே உண்டு. அந்த ஆண்டுக்கு அப்படியொரு காசு அதிகாரபூர்வமாக அடிக்கப்படவே இல்லை. 1996இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் காசு அதில் ஒன்றுதான். 2018இல் அதுவே 45 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஐந்தில் இன்னொன்று, வால்டன் என்பவரிடம் இருந்தது; 1962இல் அவர் கார் விபத்தில் இறந்தார். காசைப் பார்த்தவர்கள் போலி என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அவருடைய சகோதரி அதை அலமாரிக்குள் போட்டு வைத்திருந்தார், நாற்பது ஆண்டு. 2003இல் மற்ற நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது உண்மைக் காசு என்று தெரிந்தது. 2013இல் 31 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. போலி என்று ஒருவர் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வேன். அசல் என்று ஒருவர் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்கு நம் ஊர்க் கதைகளே போதும்.

1818 என்று ஆண்டிட்டு, அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்த கம்பெனி இரண்டணா ஊர் ஊராகச் சுற்றுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அதற்குச் சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று சொல்லி, இரிடியக் கலசக் கும்பல் மாதிரியே, தமிழ்நாட்டில் எத்தனையோ பேரின் சேமிப்பை இழுத்துவிட்டார்கள். இப்போது அது கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. "உங்கள் காசை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள்" என்பார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே வெளியிட்டது. விற்பவன் முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு நிரம்பிய காசு தொல்பொருள். தனியார் எவரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. எட்வர்டின் ஓரணா, முதல் சதுர இரண்டணா, அந்த எட்டணா எல்லாம் இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்கிறாரே என்று தபாலில் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் பையனின் காசுக்கு மறுபடி வருகிறேன். 11.6 கிராம் இருந்தது, காந்தத்தில் ஒட்டியது, விளிம்பில் ரம்பப் பல்லுக்கு நடுவே ஓடும் பாதுகாப்புப் பள்ளம் தெளிவாக இருந்தது. அசல். நன்றாகப் புழங்கியது. புலியின் முகம் பாதி போயிருந்தது. பாட்டியின் சுருக்குப்பையில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சில்லறைதான் மாமா, மூலை வெட்டின மாதிரி ஒண்ணு, சதுரமா ரெண்டு" என்றான். மூலை வெட்டியது எட்டு மூலை நாலணாவாக இருக்கலாம். நான் வந்து பார்க்கும்வரை அதை யாரும் புளி போட்டுத் தேய்க்காமல் இருந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதற்கும் அதே வேண்டுகோள்தான்.